எண்பது ஆண்டுக் கோட்டுக்கு முன்னால்: இல்ஃபோர்டில் எங்கள் ஃப்ளாட்டின் குத்தகையை நீட்டித்த அனுபவம்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஃப்ளாட் வாங்குகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைப்பது, குறிப்பிட்ட ஆண்டுகள் வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமைதான். சில கட்டடங்களில் 99 ஆண்டு, சிலவற்றில் 125, அரிதாக 999. நிலமும் கட்டடமும் ஃப்ரீஹோல்டருடையவை; குத்தகைக் காலம் தீர்ந்தால் வீடும் அவரிடமே போய்விடும். உறுதி கையில் இருந்தால் காணி நம்முடையது என்று ஊரில் கேட்டு வளர்ந்த நம்மவர்களுக்கு இது எளிதில் மனத்தில் பதிவதில்லை. ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் குரொய்டனிலும் முதல் வீடாக ஃப்ளாட் வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் பல, அதை விற்கப் போகும்போதோ மோர்ட்கேஜை மாற்றப் போகும்போதோதான் குத்தகையில் எத்தனை ஆண்டு மீதி என்பதை எண்ணிப் பார்க்கின்றன. இல்ஃபோர்டில் எங்கள் இரண்டு அறை ஃப்ளாட்டின் குத்தகையை 2025 பெப்ரவரியில் நீட்டிக்கத் தொடங்கி, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் முடித்தோம். இந்த வேலையில் பேரம் பேசும் திறமையைவிடத் தேதிகளைத் தவறவிடாமல் இருப்பதே அதிகப் பணத்தைக் காப்பாற்றுகிறது என்பது என் உறுதியான கருத்து. அதனால்தான் நடந்ததை விரிவாக எழுதுகிறேன். ஸ்கொட்லாந்தில் சட்டம் வேறு. இங்கே சொல்வது அங்குள்ளவர்களுக்குப் பொருந்தாது.

முதலில் எண்பது ஆண்டுக் கணக்கு. 1993 ஆம் ஆண்டின் குத்தகைச் சீர்திருத்தச் சட்டம், ஃப்ளாட்டின் குத்தகைதாரருக்கு ஓர் உரிமையைக் கொடுத்திருக்கிறது. மீதமுள்ள காலத்தோடு மேலும் 90 ஆண்டுகளைச் சேர்த்து, நிலத்துக்காக ஃப்ரீஹோல்டருக்குக் கட்டும் வாடகையான கிரவுண்ட் ரென்ட் முற்றாக இல்லாத ஒரு புதிய குத்தகையை அவர் கேட்டுப் பெறலாம். ஃப்ரீஹோல்டர் மறுக்க முடியாது. அதற்கு ஈடாக ஒரு தொகை கொடுக்க வேண்டும், அதைப் ப்ரீமியம் என்பார்கள். அந்தத் தொகையில் இரண்டு பகுதிகள் எப்போதும் இருக்கும்: ஃப்ரீஹோல்டர் இழக்கப்போகும் கிரவுண்ட் ரென்ட்டின் இன்றைய மதிப்பு ஒன்று, குத்தகை முடிந்து வீடு அவர் கைக்கு வருவது 90 ஆண்டு தள்ளிப்போவதன் இன்றைய மதிப்பு மற்றொன்று. மீதிக் காலம் 80 ஆண்டுக்கு மேல் இருக்கும்வரை கணக்கு இத்துடன் முடிந்துவிடும். அந்த எல்லையைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டால் மேரேஜ் வேல்யூ என்ற மூன்றாவது பகுதி சேர்கிறது. குத்தகையை நீட்டித்ததால் வீட்டின் சந்தை மதிப்பு எவ்வளவு உயருகிறதோ, அதிலிருந்து மேற்சொன்ன இரண்டு பகுதிகளையும் கழித்து மிஞ்சுவதில் சரிபாதியை ஃப்ரீஹோல்டருக்குக் கொடுக்க வேண்டும் என்பதே அது. ஒரு நாள் வித்தியாசத்தில் பல ஆயிரம் பவுண்டு கூடிவிடுவது இதனால்தான்.

எங்கள் குத்தகையில் எவ்வளவு மீதி என்பதைக் கண்டுபிடிப்பதே நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கவனம் தேவைப்பட்ட வேலையாக இருந்தது. விளம்பரத்தில் போட்டிருந்த ஆண்டுக் கணக்கு, குத்தகைப் பத்திரம் கையெழுத்தான 2007 ஆம் ஆண்டிலிருந்து எண்ணப்பட்டது. பத்திரத்தின் முதல் பக்கங்களில் காலம் பற்றிய வரியோ, “2006 மார்ச் 25 முதல் 99 ஆண்டுகள்” என்றது. முதல் வீடு விற்ற நாள் எதுவாக இருந்தாலும், கட்டடம் முழுவதற்கும் ஒரே தொடக்கத் தேதியை வைப்பது கட்டுநர்களின் வழக்கம். ஆகவே எங்கள் எண்பது ஆண்டுக் கோடு 2025 மார்ச் 25 ஐ ஒட்டி விழுந்தது. விளம்பரத்தை நம்பியிருந்தால் அதற்கும் ஓராண்டுக்கு மேல் அவகாசம் இருப்பதாக நினைத்திருப்போம். நிலப் பதிவகத்தின் இணையத்தளத்தில் ஏழு பவுண்டு கட்டினால் உரிமைப் பதிவேட்டின் நகல் கிடைக்கும், குத்தகைப் பத்திரத்தின் நகலையும் அங்கேயே வாங்கலாம். ஃப்ளாட் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இன்றே செய்ய வேண்டியது இது. விற்பனை முகவரோ மேலாண்மை நிறுவனமோ சொல்லும் எண்ணை நம்பாமல், அந்தத் தொடக்கத் தேதியைச் சொந்தக் கண்ணால் பார்த்துக் கணக்கிட வேண்டும்.

நாங்கள் வீட்டை வாங்கியது 2023 ஜூலையில். அப்போதிருந்த சட்டப்படி, நிலப் பதிவகத்தில் உரிமையாளராகப் பதிவாகி இரண்டு ஆண்டுகள் கழிந்த பிறகே நீட்டிப்புக் கேட்க முடியும்; அதாவது எங்கள் முறை வருவதற்குள் எண்பது ஆண்டுக் கோடு கடந்திருக்கும். இதற்கு அந்நாளில் இருந்த வழி, விற்பவரே நீட்டிப்புக் கேட்டு ஃப்ரீஹோல்டருக்குச் சட்டப்படியான அறிவிப்பைக் கொடுத்து, அதன் பலனை வாங்குபவருக்கு மாற்றித் தருவது. எங்கள் சொலிசிட்டர் அதைக் கேட்டார். விற்பவர் அவசரத்தில் இருந்ததால் மறுத்தார். பின்னால் வரப்போகும் செலவைக் காட்டி விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு வாங்கினோம். பிறகு 2024 மே மாதம் புதிய குத்தகைச் சட்டம் நிறைவேறியது. அதன் பெரும்பாலான பகுதிகள் உடனே நடைமுறைக்கு வரவில்லை என்றாலும், இரண்டு ஆண்டு நிபந்தனையை 2025 ஜனவரியில் நீக்கப்போவதாக 2024 நவம்பரில் அரசு அறிவித்தது; சொன்னபடி ஜனவரி 31 அன்று அது நீங்கியது. ஜனவரி 31 க்கும் மார்ச் 25 க்கும் இடையில் எங்களுக்கு ஒரு குறுகிய வாசல் திறந்தது. அரசின் அந்த அறிவிப்பு வந்த வாரத்திலேயே ஆட்களைத் தேடத் தொடங்கினோம். ஆயத்தங்களை எல்லாம் முடித்து, வாசல் திறந்ததும் அறிவிப்பைக் கொடுக்க வேண்டும் என்பதே எங்கள் எண்ணம். இன்று வாங்குகிறவர்களுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. வீட்டை வாங்கிப் பதிவானதுமே கேட்கலாம். எண்பதுக்கு மிக அருகில் இருக்கும் வீட்டை வாங்குகிறவர்கள் மட்டும், பதிவு தாமதமாகும் மாதங்களைக் கருதி, விற்பவரைக் கொண்டே அறிவிப்புக் கொடுக்கச் செய்யும் பழைய வழியை இன்னும் நினைவில் வைத்திருப்பது நல்லது.

அதே மாதங்களில் ஃப்ரீஹோல்டரின் முகவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சட்டத்தின் வழியே போகாமல், இருவரும் பேசி முடித்துக்கொள்ளலாம் என்றது கடிதம். குத்தகையை 125 ஆண்டாக்கித் தருகிறோம், 9,000 பவுண்டு போதும், செலவும் குறைவு, 28 நாளுக்குள் பதில் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். பார்த்தவுடன் மலிவாகத் தோன்றும். ஆனால் அது சேர்ப்பது சுமார் 45 ஆண்டுகள். சட்ட வழி சேர்ப்பது 90. அதைவிட முக்கியமானது கிரவுண்ட் ரென்ட். எங்கள் பத்திரத்தில் அது முதல் 33 ஆண்டுகளுக்கு 250 பவுண்டு, அடுத்த 33 ஆண்டுகளுக்கு 500, கடைசி 33 ஆண்டுகளுக்கு 1,000 என்று இரட்டிக்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. 2022 ஜூன் 30 முதல் நடைமுறையில் உள்ள கிரவுண்ட் ரென்ட் சட்டம், இப்படித் தனிப்பட்ட முறையில் நீட்டிக்கும்போது புதிதாகச் சேரும் ஆண்டுகளுக்கு வாடகை வாங்கத் தடை விதிக்கிறது. பழைய குத்தகையின் மீதி ஆண்டுகளுக்குப் பழைய வாடகை தொடர்வதை அது தடுக்கவில்லை. அந்தக் கடிதத்தை ஏற்றிருந்தால் 2039 இல் 500, 2072 இல் 1,000 என்று ஏறுவதை எங்கள் பிள்ளைகளும் கட்டிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். இரட்டிக்கும் வாடகை உள்ள வீட்டுக்குக் கடன் தர வங்கிகள் தயங்குவதால் விற்பதும் சிரமமாகும். தனிப்பட்ட பேச்சில் இன்னோர் ஆபத்தும் உண்டு: கையெழுத்தாகும் வரை ஃப்ரீஹோல்டரை எதுவும் கட்டுப்படுத்தாது. பேச்சை மார்ச் 25 வரை இழுத்துவிட்டு, பிறகு தொகையை ஏற்றினால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. ஃப்ரீஹோல்டரே கவுன்சிலாகவோ அயலவர்கள் சேர்ந்து நடத்தும் நிறுவனமாகவோ இருந்து, முழு 90 ஆண்டையும் வாடகையின்றித் தர ஒப்புக்கொண்டால் தனிப்பட்ட வழி நல்லதுதான். எண்பதுக்கு அருகில் நிற்கும் ஒருவருக்கு, சட்டப்படியான அறிவிப்பைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். வீடு வாங்கும்போது வேலை செய்த சொலிசிட்டர் நல்லவராக இருந்தாலும், குத்தகை நீட்டிப்பு தனித்துறை; அறிவிப்பில் ஒரு சிறு பிழை இருந்தால் அது செல்லாது என்று எதிர்த்தரப்பு வாதிடும். இந்தத் துறையில் வேலை செய்பவர்களின் சங்கமான ஏலெப்பின் உறுப்பினர் பட்டியலிலிருந்து ஒரு சொலிசிட்டரையும், சொத்து மதிப்பீட்டாளர்களின் தொழில்சார் அமைப்பான ஆர்ஐசிஎஸில் பதிவு பெற்ற ஒரு சர்வேயரையும் தேர்ந்தோம். தமிழ் பேசும் சொலிசிட்டர் கிடைக்கிறார் என்பதற்காக மட்டும் ஒருவரிடம் போக வேண்டாம். 1993 சட்டத்தின் 42 ஆம் பிரிவின் கீழ் எத்தனை நீட்டிப்பு அறிவிப்புகள் கொடுத்திருக்கிறார், தொகையில் உடன்பாடு வராதபோது தீர்மானிக்கும் தீர்ப்பாயம்வரை போயிருக்கிறாரா என்று கேளுங்கள். இவற்றுக்கெல்லாம் முன்பாக, அரசு நிதியில் இயங்கும் குத்தகை ஆலோசனைச் சேவையான லீஸ் அமைப்பிடம் இலவசமாகப் பேசலாம். நாங்கள் பேசிய அரை மணி நேரத்தில் அடிப்படை எல்லாம் தெளிவாகிவிட்டது, அதன் பிறகு சொலிசிட்டரிடம் கட்டணம் கொடுத்துக் கேட்க வேண்டிய கேள்விகள் பாதியாகக் குறைந்தன.

சர்வேயர் போட்ட கணக்கை இங்கே கொடுக்கிறேன், ஏனென்றால் ப்ரீமியம் எங்கிருந்து வருகிறது என்பது புரிந்தால்தான் பேரத்தில் எதற்கு விட்டுக்கொடுக்கலாம் என்பதும் புரியும். வீட்டின் மதிப்பு 3,00,000 பவுண்டு என்று எடுத்துக்கொண்டார். எண்பது ஆண்டு கழித்து வரவேண்டிய மூன்று லட்சத்தை ஆண்டுக்கு 5 சதவீதம் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் சுமார் 6,000 பவுண்டு. இந்த 5 சதவீதம், 2006 ஆம் ஆண்டின் ஸ்போர்ட்டெல்லி வழக்குக்குப் பின் ஃப்ளாட்டுகளுக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட விகிதம். அதில் பெரும்பாலும் தகராறு எழுவதில்லை. 250, 500, 1,000 என்று ஏறும் கிரவுண்ட் ரென்ட்டை ஆறரை சதவீதத்தில் கணக்கிட்டால் சுமார் 5,700 பவுண்டு. இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 11,700. இதே வீட்டில் மீதிக் காலம் எண்பதுக்குக் கீழே போயிருந்தால், இன்னும் 6,000 பவுண்டுக்கு மேல் கூடியிருக்கும் என்றும் அவர் காட்டினார். பழைய குத்தகையோடு இருக்கும் வீட்டின் மதிப்பு, நீண்ட குத்தகையுள்ள வீட்டின் மதிப்பில் எத்தனை சதவீதம் என்பதில் சர்வேயர்களுக்கிடையே பெரும் சண்டை நடக்கும். மேரேஜ் வேல்யூவைத் தவிர்த்தால் அந்தச் சண்டையும் அதற்கான கட்டணமும் நமக்கு இல்லாமல் போகிறது.

அறிவிப்பு யாருக்குப் போக வேண்டும் என்பது அடுத்த கேள்வி. ஆண்டுதோறும் எங்களுக்குப் பில் அனுப்புவது ஒரு மேலாண்மை நிறுவனம். வாடகை கேட்டு எழுதுவது வேறொரு முகவர். பதிவேட்டைப் பார்த்தால் ஃப்ரீஹோல்டோ மூன்றாவதாக ஒரு நிறுவனத்தின் பெயருக்கு 2019 இல் மாறியிருந்தது. பில்லில் உள்ள பெயருக்கு அறிவிப்பை அனுப்பியிருந்தால் அது உரியவருக்குப் போய்ச் சேர்ந்ததாகாது. நமக்கும் ஃப்ரீஹோல்டருக்கும் இடையில் தலைமைக் குத்தகை வைத்திருப்பவர் ஒருவர் இருந்தால், இருவரில் யார் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர் என்பதை அந்தக் குத்தகையின் நீளத்தை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். அதையும் சொலிசிட்டர் பார்த்தார். எங்கள் பத்திரத்தில் மேலாண்மை நிறுவனமும் மூன்றாம் தரப்பாகக் கையெழுத்திட்டிருந்ததால் அதற்கும் ஒரு பிரதி போனது. வீடு என் பெயரிலும் கணவர் பெயரிலும் இருப்பதால் அறிவிப்பு இருவர் பெயரிலும் எழுதப்பட்டது. நாங்கள் கொடுக்க முன்வந்த தொகையாக 9,800 பவுண்டு குறிக்கப்பட்டது. குறைத்துச் சொல்லலாம், ஆனால் நம்ப முடியாத தொகையைச் சொல்லக் கூடாது. நேர்மையான முன்மொழிவாக இல்லாவிட்டால் அறிவிப்பே செல்லாது என்று வாதிட இடம் உண்டு. பெப்ரவரி நடுவில் அறிவிப்பு சேர்ந்தது, சேர்ந்ததற்கான எழுத்துச் சான்றும் கையில் வந்தது. அந்தத் தேதிதான் மதிப்பீட்டுத் தேதி. அதற்குப் பிறகு பேச்சு எத்தனை மாதம் நீண்டாலும், வீட்டு விலை ஏறினாலும், எண்பது ஆண்டுக் கோடு கடந்துபோனாலும் கணக்கு அந்த நாளிலேயே நிற்கும். உடனே சொலிசிட்டர் அந்த அறிவிப்பை நிலப் பதிவகத்தில் ஃப்ரீஹோல்டின் மீது பதிந்துவைத்தார். இடையில் ஃப்ரீஹோல்ட் கைமாறினாலும் புதியவரை அது கட்டுப்படுத்தும்.

அறிவிப்புக் கிடைத்ததும் ஃப்ரீஹோல்டர் முன்பணம் கேட்கலாம்: நாம் சொன்ன தொகையில் பத்து சதவீதம் அல்லது 250 பவுண்டு, இரண்டில் எது அதிகமோ அது. கேட்ட 14 நாளில் 980 பவுண்டு கட்டினோம். பிறகு அவர்களின் சர்வேயர் வீட்டைப் பார்க்க வந்தார். இந்த வருகைக்கு ஆயத்தமாக இருப்பது பலன் தரும். எங்களுக்கு முன்னிருந்தவர், நுழைவாயில் அருகே இருந்த சாமான் அறையை ஃப்ரீஹோல்டரின் எழுத்து அனுமதியோடு குளியலறையாக மாற்றியிருந்தார். குத்தகைதாரரோ அவருக்கு முன்னிருந்தவரோ சொந்தச் செலவில் செய்த மேம்பாட்டால் கூடிய மதிப்பைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது சட்டம். வந்தவர் லேசர் கருவியைச் சுவரில் வைத்து ஒவ்வோர் அறையாக அளந்தார், இரண்டாவது குளியலறையைக் குறித்துக்கொண்டார். நான் அந்த அனுமதிக் கடிதத்தின் பிரதியையும், கட்டுநரின் பழைய வரைபடத்தில் அந்த இடம் சாமான் அறையாகக் காட்டப்பட்டிருப்பதையும் எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அவற்றைப் படம் பிடித்துக்கொண்டு, வேறு எதுவும் சொல்லாமல் போனார். பின்னர் நடந்த பேச்சில் அந்தக் குளியலறை விவாதப் பொருளாகவே வரவில்லை. வீடு வாங்கும்போது வந்த பழைய காகிதங்களை எறியாமல் வைத்திருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

ஃப்ரீஹோல்டரின் பதிலான எதிர் அறிவிப்பு, நாங்கள் கொடுத்திருந்த இரண்டு மாதத்துக்குச் சற்று அதிகமான கெடு முடியும் தறுவாயில், ஏப்ரல் இறுதியில் வந்தது. எங்கள் உரிமையை ஏற்றுக்கொண்டு, 14,900 பவுண்டு கேட்டிருந்தார்கள். வீட்டின் மதிப்பை 3,40,000 என்றும், கிரவுண்ட் ரென்ட்டைக் கணக்கிடும் விகிதத்தை 5 சதவீதம் என்றும் வைத்திருந்தார்கள். இந்த விகிதம் குறையக் குறைய நாம் கொடுக்க வேண்டிய தொகை கூடும். இரண்டு சர்வேயர்களும் எழுதிக்கொண்டார்கள். எங்கள் கட்டடத்திலும் அடுத்த தெருவிலும் அண்மையில் விற்ற வீடுகளின் விலை நிலப் பதிவகத்தின் பொதுப் பட்டியலில் இருக்கிறது; அவற்றை நாங்களே தொகுத்து, எந்த வீட்டில் பால்கனி, எதில் கார் நிறுத்துமிடம் என்ற விவரத்தோடு எங்கள் சர்வேயருக்குக் கொடுத்தோம். வெளியிலிருந்து வருபவருக்குத் தெரியாத இத்தகைய விவரங்களை அங்கே வாழ்கிறவர்கள்தான் தர முடியும். கோடை முடிவதற்குள் எதிர்த்தரப்பு 13,200 வரை இறங்கியது, அதன் பிறகு பதில் வருவது நின்றுவிட்டது.

நன்றாகத் தொடங்கிய பல நீட்டிப்புகள் கெடுவது இந்தக் கட்டத்தில்தான். எதிர் அறிவிப்பு வந்து ஆறு மாதத்துக்குள் தொகை உடன்பாடாக வேண்டும், அல்லது தீர்ப்பாயத்தில் விண்ணப்பம் போட வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் நம் அறிவிப்பு திரும்பப் பெற்றதாகக் கருதப்படும். அடுத்த 12 மாதம் புதிதாகக் கேட்க முடியாது. எதிர்த்தரப்பின் செலவையும் நாமே கொடுக்க வேண்டும். எங்களைப் பொறுத்தவரை, அடுத்த அறிவிப்பு எண்பதுக்குக் கீழே விழுந்திருக்கும். ஆகவே ஒக்டோபர் இறுதிக் கெடு வரும்வரை காத்திருக்காமல், அந்த மாதத் தொடக்கத்திலேயே முதனிலைத் தீர்ப்பாயத்தின் சொத்துப் பிரிவில் விண்ணப்பத்தைப் போடச் சொன்னோம். தீர்ப்பாயம் என்றதும் வழக்கு, வக்கீல், பகை என்று நம்மவர்கள் அஞ்சுவதைக் கண்டிருக்கிறேன். அப்படி அஞ்ச வேண்டியதில்லை; பெரும்பாலான விண்ணப்பங்கள் விசாரணைக்கே போவதில்லை. விசாரணைத் தேதியை நோக்கி ஆயத்தம் செய்ய வேண்டிய கட்டாயம் வந்ததும் எதிர்த்தரப்பு பேசத் தொடங்கியது. நவம்பரில் 12,100 பவுண்டுக்கு முடிந்தது. எங்கள் சர்வேயரின் முதல் கணக்கிலிருந்து அது 400 பவுண்டு மட்டுமே அதிகம். அந்த 400 க்காக விசாரணை வரை போவது, வென்றாலும் நட்டமே.

தொகை முடிந்ததும் வேலை முடிந்ததாக நினைத்துவிட வேண்டாம். ஃப்ரீஹோல்டரின் சொலிசிட்டர் அனுப்பிய புதிய குத்தகையின் வரைவில், பழைய பத்திரத்தில் இல்லாத இரண்டு விதிகள் இருந்தன. வீட்டை வாடகைக்கு விடும் ஒவ்வொரு முறையும் அனுமதிக் கட்டணம் என்பது ஒன்று. தரையின் விரிப்பை மாற்றுவதற்கும் எழுத்து அனுமதி வேண்டும் என்பது மற்றொன்று. சட்ட வழியில் பெறும் குத்தகை, காலமும் வாடகையும் தவிரப் பெரும்பாலும் பழைய நிபந்தனைகளையே கொண்டிருக்க வேண்டும். ஒருதலையாகப் புதிய சுமையைச் சேர்க்க முடியாது. எங்கள் சொலிசிட்டர் இரண்டையும் அடித்துவிட்டார், எதிர்த்தரப்பும் மறுபேச்சின்றி ஏற்றது. வரைவைப் பழைய பத்திரத்தோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தீர்களா என்று உங்கள் சொலிசிட்டரிடம் கட்டாயம் கேளுங்கள். விதிகள் உடன்பாடான நாளிலிருந்தும் ஒரு கெடு ஓடுகிறது. இரண்டு மாதத்தில் பத்திரம் கையெழுத்தாகாவிட்டால், அதற்கடுத்த இரண்டு மாதத்துக்குள் கவுண்டி நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். எங்களுடையது ஜனவரியில் கையெழுத்தானது.

செலவை மறைக்காமல் சொல்கிறேன். ப்ரீமியம் 12,100. எங்கள் சொலிசிட்டருக்கு வாட் வரியோடு 1,440, சர்வேயருக்கு மதிப்பீட்டுக்கும் பேச்சுக்குமாக 1,300. ஃப்ரீஹோல்டரின் நியாயமான சட்டச் செலவையும் மதிப்பீட்டுச் செலவையும் நாமே ஏற்க வேண்டும் என்பது, இதை எழுதும் வேளையில் உள்ள சட்டம். அவர்கள் கேட்டது 3,400. மணிக்கணக்கு விவரம் கேட்டு, தீர்ப்பாயம் இதையும் தீர்மானிக்கலாம் என்று நினைவூட்டிய பிறகு 2,400 ஆயிற்று. தொகையைப் பேரம் பேச அவர்களின் சர்வேயர் செலவிட்ட நேரத்துக்கும், தீர்ப்பாய வேலைக்கும் நாம் கொடுக்க வேண்டியதில்லை. பில்லில் அவை கலந்திருக்கும், பிரித்துப் பார்க்க வேண்டும். பதிவுக் கட்டணம் முதலியவற்றோடு மொத்தம் ஏறத்தாழ 17,500 பவுண்டு. பெரிய தொகைதான். சேமிப்பிலிருந்து பாதியும், சீட்டுப் பணமும், மைத்துனர் கொடுத்துதவியதும் சேர்த்துக் கட்டினோம். இப்போது குத்தகை 2195 வரை இருக்கிறது, கிரவுண்ட் ரென்ட் இல்லை. சேவைக் கட்டணம் மட்டும் முன்போலவே தொடரும். குத்தகை நீட்டிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. சட்ட வழியிலான நீட்டிப்பில் மோர்ட்கேஜ் தானாகவே புதிய குத்தகைக்கு மாறிவிடும் என்றாலும், வங்கிக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுவது பதிவின்போது தாமதத்தைக் குறைக்கிறது.

இனி, பலரும் என்னைக் கேட்கும் கேள்வி: புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கலாமா? 2024 ஆம் ஆண்டுச் சட்டத்தில் 990 ஆண்டு நீட்டிப்பு இருக்கிறது, மேரேஜ் வேல்யூவை நீக்கும் பிரிவு இருக்கிறது, ஃப்ரீஹோல்டரின் செலவை நாம் சுமக்க வேண்டாம் என்ற மாற்றமும் இருக்கிறது. ஃப்ரீஹோல்டர்கள் தொடுத்த வழக்கை 2025 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனால் இதை எழுதும் வேளையில் அந்தப் பிரிவுகள் நடைமுறைக்கு வரவில்லை. எண்பதுக்குச் சற்று மேலே இருப்பவர் காத்திருக்கக் கூடாது; வராத சட்டத்தை நம்பி, கையில் இருக்கும் பாதுகாப்பை விடுவது சரியல்ல. தொண்ணூறுக்கு மேல் இருப்பவர்களுக்கு அவசரமில்லை. எண்பதுக்குக் கீழே போய்விட்டவர்களுக்குத்தான் இது உண்மையிலேயே கடினமான கேள்வி.

எங்கள் கட்டடத்தில் கீழ் மாடியில் இருக்கும் அங்கிள் 2011 இல் வாங்கியவர். இரண்டு ஆண்டு நிபந்தனை அவருக்கு என்றோ நிறைவேறிவிட்டது. 2024 இறுதியில் நான் போய்ச் சொன்னபோது, “பிள்ளை, இன்னும் எண்பது வருஷம் கிடக்குதுதானே, அதுக்குள்ள நான் இருக்கப் போறனோ?” என்றார். அவர் இருப்பதைப் பற்றியதல்ல இது, வீட்டை அடுத்து வாங்கப்போகிறவரும் அவருக்குக் கடன் தரப்போகும் வங்கியும் பார்க்கும் எண் இது என்று எடுத்துச் சொன்னேன். புதுச் சட்டம் எல்லாவற்றையும் சரியாக்கிவிடும் என்று அவருக்குத் தெரிந்தவர்கள் சொல்லியிருந்தார்கள், அவர் பொறுத்திருந்தார். இப்போது அதே அளவு வீட்டுக்கு அவருடைய ப்ரீமியம் 18,000 பவுண்டைத் தாண்டும் என்று சர்வேயர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருக்கு மோர்ட்கேஜ் இல்லை, உடனே விற்கும் எண்ணமும் இல்லை. ஆகவே இப்போது அவர் காத்திருப்பதில் நியாயம் இருக்கிறது: ஆண்டுதோறும் தொகை சற்று ஏறினாலும், மேரேஜ் வேல்யூ நீங்கினால் அதைவிட அதிகம் மிஞ்சும். மகளோ 2028 இல் வீட்டை விற்றுவிட்டு அவரைத் தன்னோடு பர்மிங்ஹாமுக்கு அழைத்துக்கொள்ள விரும்புகிறாள். 2027 இறுதிக்குள் புதிய பிரிவுகள் வராவிட்டால் விற்பனைக்கு முன் அறிவிப்பைக் கொடுத்து, அதன் பலனை வாங்குபவருக்கே மாற்றிக் கொடுப்பது என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள். எங்கள் சொலிசிட்டரின் தொலைபேசி எண்ணை அவளிடம் கொடுத்திருக்கிறேன்.